உப்பப்பாவின் ஆனையும் எங்கள் வீட்டுப் பேச்சும்

இந்த முறை பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பிள்ளைகளிடம் சிறுகதை எழுதச் சொன்னால் ஒரு விசித்திரம் நடக்கும். கொட்டாஞ்சேனைப் பிள்ளை எழுதினாலும் வெள்ளவத்தைப் பிள்ளை எழுதினாலும், கதையில் வரும் உம்மா "மகனே, விரைந்து வா, உணவு அருந்தலாம்" என்றுதான் பேசுவார். எந்த வீட்டில் எந்த உம்மா இப்படிப் பேசுகிறார்? "ஈக்கி" என்றும் "செல்லுங்க" என்றும் வீட்டில் புழங்கும் பேச்சைத் தாளில் வைக்கப் பிள்ளைக்கு வெட்கம். பெற்றோருக்கு அதைவிட வெட்கம். "எங்கட பேச்சு ஒழுங்கான தமிழ் இல்லையே சேர்" என்று எங்களிடமே சொல்லிவிடுகிறார்கள்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு நினைவு வருபவர் வைக்கம் முஹம்மது பஷீர். அவர் தமிழில் எழுதியவர் அல்ல, மலையாளத்தில் எழுதியவர். ஆனால் அவருடைய கதைகளில் வரும் உம்மாவும் வாப்பாவும் நமக்கு அடிக்குறிப்பு இல்லாமலே விளங்குவார்கள். தம்பி தங்கைகள் அவரை அழைப்பது "இக்காக்கா" என்று. நம் கிழக்கு மாகாணத்துக் "காக்கா" எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்!

பஷீர் 1908இல் வைக்கத்துக்குப் பக்கத்தில் தலையோலப்பறம்பில் பிறந்தார். வாப்பா மர வியாபாரி. வியாபாரம் நொடித்து, வீடும் நொடித்தது. பள்ளிக்கூட வயதில், வைக்கம் சத்தியாக்கிரகத்துக்கு வந்த காந்தியைக் கூட்டத்துக்குள் புகுந்து தொட்டுவிட்டு, அதைப் பெருமையாக உம்மாவிடம் போய்ச் சொன்னவர். 1930இல் கோழிக்கோட்டில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து கண்ணூர்ச் சிறைக்குப் போனார். பிறகு ஊர் ஊராகப் பல வருட அலைச்சல். சமையல்காரர், காவல்காரர், கைரேகை பார்ப்பவர் என்று பார்க்காத வேலை இல்லை. சூஃபிகளோடும் இருந்தார், இந்துச் சந்நியாசிகளோடும் இருந்தார். திரும்பி வந்து எர்ணாகுளத்தில் விளையாட்டுப் பொருள் விற்கும் முகவராக இருந்தபோது சைக்கிளிலிருந்து விழுந்து, அந்த வேலையும் போயிற்று. வேலை கேட்டு ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். வேலை இல்லை, கதை எழுதித் தந்தால் காசு தருகிறோம் என்றார்கள். அப்படித்தான் எழுத்தாளர் ஆனார். இலட்சியம், கனவு என்றெல்லாம் பேசத் தேவையில்லை. பசி.

விடுதலைப் போராட்டத்துக்காக மறுபடியும் உள்ளே போனபோது சிறையில் எழுதியது "பிரேமலேகனம்". 1943இல் வெளியான இந்தக் காதல் நகைச்சுவையைத் திருவிதாங்கூர் அரசு 1944இல் தடை செய்தது. கேசவன் நாயரும் கிறிஸ்தவப் பெண் சாராம்மாவும், பிறக்கப் போகும் பிள்ளைக்கு எந்த மதத்திலும் சேராத பெயர் வேண்டும் என்று தேடி, கடைசியில் "ஆகாச மிட்டாய்" என்று வைக்கிறார்கள். இதில் அரசாங்கம் பயப்பட என்ன இருக்கிறது என்று சிரிக்கலாம். சிரிப்புக்குத்தான் அரசாங்கங்கள் அதிகம் பயப்படும் போலிருக்கிறது.

நாங்கள் சொல்ல வந்த புத்தகம் 1951இல் வந்தது. "என் உப்பப்பாவுக்கு ஒரு ஆனை இருந்தது." தலைப்பே வீட்டுப் பேச்சு. மலையாள இலக்கணம் படித்தவர்கள் பல்லைக் கடிக்கும்படி, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பாதி விழுங்கப்பட்டு நிற்கும் தலைப்பு. குஞ்ஞுபாத்தும்மா என்ற பெண்ணின் உம்மாவுக்கு ஒரே பெருமை, தன் வாப்பாவிடம் ஒரு கொம்பானை இருந்தது என்பது. வழக்கில் சொத்துப் போகிறது, பெரிய வீடு போகிறது, சோற்றுக்கே கஷ்டம் வருகிறது. ஆனை மட்டும் போகவில்லை, அது உம்மாவின் வாயில் உயிரோடு நிற்கிறது. பக்கத்து வீட்டுக்கு வந்த படித்த பெண் ஆயிஷா, குஞ்ஞுபாத்தும்மாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். கடைசியில் தெருப் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள்: அது கொம்பானை இல்லை, குழியானை! மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, அந்தப் பூச்சி.

ஆனை வைத்திருந்த உப்பப்பாக்கள் நம்மிடமும் குறைவில்லை. எந்தக் கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் ஒரு ஆனை உள்ளே வரும். நம்மை நாமே இப்படிக் கேலி செய்யலாமா, அடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய நிலைமையில் அந்தப் பயம் நியாயமற்றதென்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் பஷீர் அந்த உம்மாவை வெளியே நின்று சிரிக்கவில்லை. அவள் பட்டினி கிடப்பதையும் அதே பக்கத்தில் எழுதினார். அவளுடைய பேச்சைத் திருத்தாமல் எழுதினார். வெளியாள் எழுதும் கேலிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வாசித்தால்தான் உணரலாம்.

"பாத்துமாவின் ஆடு" இன்னும் வேடிக்கை. மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த 1954இல் எழுதி, திருத்தாமலே 1959இல் வெளியிட்டார். தங்கையின் ஆடு வீட்டுக்குள் புகுந்து அவருடைய புத்தகங்களையே தின்கிறது. இலக்கணம் படித்த தம்பி அப்துல் காதர், அண்ணனின் எழுத்தில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று பிழை பிடிக்கிறார். பஷீருக்கு வந்த கோபத்தைப் படித்தே பார்க்க வேண்டும். மனிதர்கள் பேசுகிறபடி எழுதுகிறேன், உன் இலக்கணம் யாருக்கு வேண்டும் என்பதுதான் சாரம்.

ஆசிரியர்களான நாங்கள் தம்பியின் பக்கத்தையும் கொஞ்சம் எடுத்துத்தான் ஆக வேண்டும். சாதாரண தரப் பரீட்சைத் தாளில் எழுவாய் இல்லாவிட்டால் புள்ளி இல்லை. கட்டுரைக்கு எழுத்துத் தமிழ் வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் கதையில் உம்மா வாய் திறந்தால் உம்மாவாகவே பேசட்டும். இலங்கையின் முதல் தமிழ் நாவலென்று சொல்லப்படும் "அசன்பே சரித்திரம்" 1885இல் வந்தது. எழுதியவர் நம் சித்திலெப்பை. அந்தக் கதைக்குக் களம் எகிப்து. நம் வீட்டு அடுப்படி கதைக்குள் வருவதற்கு அதன் பிறகும் வெகுகாலம் எடுத்தது.

தமிழையும் ஆய்ந்த எடின்பரோ பேராசிரியர் ஆர்.ஈ. ஆஷர், 1980இல் இந்த ஆனைக் கதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அவரும் தலைப்பைத் திருத்தவில்லை. லண்டன் தெருவில் எழுத்தை விழுங்கிப் பேசுவார்களே, அந்த ஆங்கிலத்திலேயே வைத்தார்.

1982இல் பத்மஸ்ரீ பெற்றார். கோழிக்கோட்டுக்கு அருகே பேப்பூரில் குடியிருந்ததால் "பேப்பூர் சுல்தான்" என்று பெயர். 1994 ஜூலை 5இல் காலமானார்.

தமிழில் குளச்சல் யூசுஃப் மொழிபெயர்த்த ஆனையும் ஆடும் கிடைக்கின்றன. சிறைச் சுவருக்கு அப்பால் இருக்கும் பெண்ணை முகம் பாராமலே காதலிக்கும் "மதில்கள்" சுகுமாரன் மொழிபெயர்ப்பில் உண்டு. முதலில் ஆட்டை எடுங்கள், சின்னப் புத்தகம். வீட்டில் பெரியவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள்.