ஆமை வடிவியல்

ஆமை வடிவியல் என்பது தரையிலோ கணினித் திரையிலோ நகரும் "ஆமை" ஒன்றுக்குக் கட்டளைகள் இட்டு, அது விட்டுச்செல்லும் கோட்டினால் வடிவங்களை வரைந்து கணிதம் கற்கும் முறை ஆகும். இது லோகோ என்னும் நிரலாக்க மொழியுடன் பள்ளிகளில் பரவியது. கணினி மாணவருக்கு வினாக்களைக் கொடுத்து விடைகளைத் திருத்தும் கருவியாக மட்டுமே கருதப்பட்ட காலத்தில், மாணவர் கணினிக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்ற கருத்தை இம்முறை முன்வைத்தது.

வரலாறு

லோகோ மொழி 1967 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள போல்ட் பெரனெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. வாலி ஃபியூர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலானோர் இதனை உருவாக்கினர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணிதவியலாளரான பேப்பர்ட் (1928–2016), குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜேயுடன் ஜெனீவாவில் பணியாற்றியவர்.

முதல் லோகோவில் ஆமை இல்லை. சொற்களையும் பட்டியல்களையும் கையாளும் மொழியாகவே அது இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின்னரே மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அடியில் பேனா பொருத்திய தரை ஆமை இயந்திரம் சேர்க்கப்பட்டது. 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் கிரே வால்டர் செய்த ஆமை இயந்திரங்களே இப்பெயருக்கு மூலம். பின்னர் ஆமை திரைக்கு இடம் மாறி, ஒரு சிறு முக்கோணக் குறியானது.

செயற்பாடு

ஆமைக்கு இரண்டு பண்புகள் உண்டு: அது இருக்கும் இடம், அது நோக்கும் திசை. "முன் 100" என்றால் நூறு அலகு நகரும். "வலம் 90" என்றால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். இவ்விரண்டையும் நான்கு முறை செய்தால் சதுரம் கிடைக்கும். ஆய அச்சுகளோ சமன்பாடுகளோ தேவையில்லை.

சமபக்க முக்கோணத்தில்தான் கற்றல் தொடங்குகிறது எனலாம். அதன் கோணம் 60 பாகை என்று படித்த மாணவர் "முன் 100, வலம் 60" என்பதை மூன்று முறை இடுவார். திரையில் தோன்றுவது அறுகோணத்தின் பாதி. இந்நிலையில் ஆசிரியர் விடையைச் சொல்லாமல், மாணவரையே எழுந்து ஆமையாக நடந்து பார்க்கச் சொல்வதுண்டு. நடக்கும்போது, தாம் திரும்புவது உட்கோணம் அன்று, புறக்கோணமாகிய 120 பாகை என்பது புலப்படும். எந்தக் குவிவுப் பல்கோணத்தையும் சுற்றி வந்து தொடக்க நிலையை அடையும் ஆமை மொத்தம் 360 பாகை திரும்பியிருக்கும் என்பது அடுத்த கண்டுபிடிப்பு. "முன் 1, வலம் 1" என்பதை 360 முறை செய்தால் ஏறத்தாழ ஒரு வட்டம் வருவதும் இதனாலேயே.

மாணவர் புதிய கட்டளைகளையும் ஆக்கலாம். "சதுரம்", "முக்கோணம்" இரண்டையும் கற்பித்து, அடுத்தடுத்து அழைத்து ஒரு வீடு வரைய முயன்றால், கூரை சதுரத்தின் உள்ளேயே விழும். சதுரத்தை முடித்த ஆமை கீழ் இடது மூலைக்குத் திரும்பி மேல்நோக்கி நிற்பதே காரணம். இடையில் "முன் 100, வலம் 30" சேர்த்தால் கூரை உரிய இடத்தில் அமையும். இத்தகைய பிழை "வழு" எனப்படும். தேர்வுத்தாளில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதோடு கதை முடிந்துவிடுகிறது. வழுவோ ஆராய்ந்து நீக்க வேண்டியது. 1980 இல் வெளிவந்த "மைண்ட்ஸ்டார்ம்ஸ்" நூலில் பேப்பர்ட் பெரிதும் வலியுறுத்துவது இவ்வேறுபாட்டையே.

இம்முறை சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. ஹரோல்ட் ஏபல்சன், ஆண்ட்ரியா டிசெஸ்சா ஆகியோரின் "டர்ட்டில் ஜியாமெட்ரி" என்ற கல்லூரி நிலை நூல், இதே ஆமையைக் கொண்டு வளைபரப்புகளையும் பொதுச் சார்புக் கோட்பாட்டையும் விளக்குகிறது.

பரவலும் திறனாய்வும்

1980களில் ஆப்பிள் II போன்ற சிறு கணினிகள் வந்தபின் லோகோ பல நாடுகளின் பள்ளிகளை அடைந்தது. கோஸ்டா ரிக்கா 1988 இல் தன் கல்வித் திட்டத்திலேயே இதனைச் சேர்த்தது. எதிர்பார்ப்பும் அளவு கடந்து வளர்ந்தது: நிரல் எழுதப் பழகினாலே பொதுவான சிந்தனைத் திறன் வளரும் என்று பலர் நம்பினர்.

நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் ஆகியோர் 1980களின் முற்பகுதியில் நடத்திய ஆய்வுகள் இந்நம்பிக்கையைக் குலைத்தன. லோகோ பயின்ற மாணவர், வேலைகளைத் திட்டமிடும் சோதனைகளில் பயிலாதவரை விடச் சிறந்து விளங்கவில்லை. இதற்கு 1987 இல் மறுமொழி எழுதிய பேப்பர்ட், கருவியைத் தனியே பிரித்து அதன் விளைவைக் கேட்பதே தவறு என்றும், அது பயன்படும் வகுப்பறைச் சூழலையே நோக்க வேண்டும் என்றும் வாதிட்டார். வாதம் நியாயமானதே. ஆயினும் அத்தகைய சூழலை அமைக்கும் ஆசிரியர் பயிற்சி பல பள்ளிகளில் இருக்கவில்லை. அங்கெல்லாம் லோகோ, கட்டளைகளை மனப்பாடம் செய்யும் மற்றொரு பாடமாகச் சுருங்கியது.

பிற்கால வடிவங்கள்

மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007 இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச், கட்டளைகளைத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக வண்ணக் கட்டங்களாக அடுக்கச் செய்கிறது. அதன் நகர்வுக் கட்டளைகள் ஆமையிடமிருந்து வந்தவை. லெகோ நிறுவனம் 1998 இல் வெளியிட்ட இயந்திரப் பொம்மைத் தொகுதி பேப்பர்ட்டின் நூற்பெயரையே தாங்கியது. அதன் விற்பனை 2022 உடன் நிறுத்தப்பட்டது. பைத்தான் மொழியுடன் வழங்கப்படும் ஆமை நிரல்தொகுதியைக் கொண்டு, மேற்கூறிய முக்கோணத்தையும் வீட்டையும் எந்தக் கணினியிலும் கட்டணமின்றி வரைந்து பார்க்கலாம்.