எவ்வளவு ரேம் இருக்குனு கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது?

இன்னைக்கு ரேமை மாட்டி ஆன் பண்ணா போதும், எவ்வளவு இருக்குனு கம்ப்யூட்டரே காட்டிடுது. ஆனா ஆரம்பத்துல அதை நாமதான் சொல்லணும்.

1981 ஆகஸ்ட்ல ஐபிஎம் முதல் பிசியை வெளியிட்டது. அடிப்படை மாடல்ல வெறும் 16 கேபி. கூடுதலா மெமரி கார்டு போட்டா, மதர்போர்டுல இருக்கிற குட்டி சுவிட்சுகளையும் மாத்தி வைக்கணும். பயாஸ் அதைப் பார்த்துக் கணக்கு வச்சுக்கும். இயங்குதளம் பயாஸைக் கேட்கும். சுவிட்சைக் குறைவா வச்சுட்டா, மாட்டின மெமரி சும்மா கிடக்கும்.

இயங்குதளமே ஒவ்வொரு முகவரியிலயும் எதையாவது எழுதி, திரும்பப் படிச்சுப் பார்க்கலாமே? பார்க்கலாம். ஆனா எல்லா முகவரியும் ரேம் கிடையாது. சில முகவரிகளுக்குப் பின்னாடி வீடியோ கார்டு மாதிரி சாதனங்கள் இருக்கும். அங்க கண்டபடி எழுதினா சிக்கல். அதனால கேட்பதே பாதுகாப்பு.

1984-ல ஐபிஎம் பிசி ஏடி வந்தது. இப்போ பயாஸிடம் புதுக் கேள்வி: "1 எம்பிக்கு மேல எத்தனை கேபி இருக்கு?" பதில் 16 பிட்டுக்குள்ள வரணும். அதிகபட்சம் 65,535 கேபி, கிட்டத்தட்ட 64 எம்பி. அந்த 80286 சிப்பே 16 எம்பியைத்தான் தொட முடியும். அதனால இது தாராளம்னு தோணியிருக்கும்.

அடுத்த வருஷமே வந்த 386 சிப் 4 ஜிபி வரை தொடக்கூடியது. 90-கள்ல ரேம் விலை இறங்கி, 128 எம்பி போட ஆரம்பிச்சாங்க. பழைய கேள்வியையே கேட்ட இயங்குதளத்துக்கு 64-தான் தெரிஞ்சது. காசு கொடுத்து வாங்கினதுல பாதி வீண்! லினக்ஸ் ஆட்கள் பூட் ஆகும்போதே "மெம்=128எம்"னு கையால தட்டினாங்க. சுவிட்ச் போச்சு, கீபோர்டு வந்தது. சொல்றது மறுபடியும் மனுஷன்தான்.

தீர்வு, கேள்வியையே மாத்தினதுல இருந்தது. இ820-னு ஒரு புது பயாஸ் அழைப்பு. "எவ்வளவு?"னு கேட்காம, "எங்கெங்க இருக்கு?"னு கேட்டது. பதிலா ஒரு எண் இல்ல, ஒரு வரைபடமே வரும்: இந்த முகவரியில தொடங்கி இவ்வளவு நீளம் பயன்படுத்தலாம், அடுத்தது ஒதுக்கப்பட்டது, தொடாதே.

இன்னைக்கும் ஒரு பிசியில லினக்ஸ் பூட் ஆகிற பதிவைத் திறந்தா, ஆரம்பத்துலயே அந்த இ820 வரிகள் இருக்கும். 8 ஜிபி வாங்கின லேப்டாப் கொஞ்சம் கம்மியா காட்டுதா? கடைக்காரரோட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி, "ஒதுக்கப்பட்டது"னு இருக்கிற வரிகளை ஒருமுறை பாருங்க.