நட்சத்திரம் பார்க்க பைனாகுலர் வாங்கப் போறீங்களா? இந்த 2 நம்பரை முதல்ல பாருங்க!

1689 டிசம்பர். புதுச்சேரியில் வால்நட்சத்திரம் ஒன்றை டெலஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சு பாதிரியார் ழான் ரிஷோ, ஆல்பா சென்டாரி ஒற்றை நட்சத்திரம் அல்ல, இரட்டை என்று கண்டுபிடித்தார். அதே வானம்தான் இன்றும் வில்லியனூர், பாகூர் வயல்களுக்கு மேலே இருக்கு. தொடங்குவதற்கு டெலஸ்கோப் தேவையில்லை, பைனாகுலரே போதும். ஆனா எதை வாங்குவது?

10×50 என்றால் என்ன?

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். லென்ஸ் பெரிதானால் வெளிச்சம் அதிகம் கிடைக்கும். இரவு வானத்துக்கு அதுதான் முக்கியம்.

எது சரி?

7×50 அல்லது 10×50. 10 மடங்கைத் தாண்டினால் கை நடுக்கத்தில் நட்சத்திரம் ஆடும். 15×70 வாங்கினால் ட்ரைபாடும் வேணும். ஜூம் மாடல், சிவப்பாக மின்னும் லென்ஸ் இரண்டையும் தவிர்க்கலாம். கடையிலேயே தூரத்துப் பொருளைப் பாருங்க. இரண்டு பிம்பமாகத் தெரிந்தால் வாங்காதீங்க.

என்னவெல்லாம் தெரியும்?

நிலவின் பள்ளங்கள், வியாழனின் 4 நிலாக்கள். டிசம்பர், ஜனவரியில் கார்த்திகைக் கூட்டம், ஓரியன் நெபுலா. மே மாத இரவு 9 மணிக்கு மேல் தெற்கே ஒமேகா சென்டாரி, பஞ்சு உருண்டை போல. சனியின் வளையம் தெரியாது. ரிஷோ பார்த்த இரட்டையும் சாதாரண பைனாகுலரில் ஒன்றாகத்தான் தெரியும்.

எங்கே நின்று பார்ப்பது?

வில்லியனூருக்குக் கிழக்கே புதுச்சேரி நகர வெளிச்சம். பாகூருக்கு வடகிழக்கே புதுச்சேரி, தென்கிழக்கே கடலூர். அதனால் இரண்டு ஊரிலும் மேற்கு வானம்தான் இருட்டு. அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை செல்போனைப் பார்க்காதீங்க. நாற்காலியில் சாய்ந்து, முழங்கையை ஊன்றிக்கொண்டால் ஆடாது.

கடற்கரை ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடி வையுங்க.

இதை மட்டும் செய்யாதீங்க!

பைனாகுலரை சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. நொடிப் பொழுதில் விழித்திரை கருகிவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், பார்வை போன பிறகுதான் தெரியவரும். குழந்தைகள் கையில் பகலில் கொடுக்கவே வேண்டாம்.