முதல் தலைமுறை கமாரோ: வீட்டுப் பட்டறையில் புதுப்பித்தலும் மாற்றியமைத்தலும்

செவ்ரொலே கமாரோ, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1966 செப்டம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த இரண்டு கதவுக் கார். 1964 ஏப்ரலில் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்ற ஃபோர்டு மஸ்டாங்குக்குப் போட்டியாக உருவாக்கப்பட்டது. 1967, 1968, 1969 ஆகிய மூன்று மாடல் ஆண்டுகளில் வந்த கார்கள் முதல் தலைமுறை எனப்படுகின்றன. ஒஹாயோ மாநிலத்தின் நார்வுட்டிலும் கலிபோர்னியாவின் வேன் நைஸிலும் இவை தயாராயின. பெரிய வி-8 எஞ்சின் பொருத்திய நடுத்தர, சிறிய கார்களை அமெரிக்கர்கள் ‘மசில் கார்’ என்று அழைத்த காலம் அது. அவற்றுள் வீட்டுப் பட்டறையில் பிரித்துச் சேர்க்க மிகவும் ஏற்றவற்றில் ஒன்றாக முதல் தலைமுறை கமாரோ கருதப்படுகிறது.

இதற்குக் காரணம் அதன் கட்டமைப்பு. காரின் பின்பகுதி தனிச் சட்டகம் இல்லாமல் தகடுகளை வெல்டிங் செய்து ஒரே உடலாக அமைந்தது. எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்குவது தனியான முன் சட்டகம். ரப்பர் புஷ்களுடன் போல்ட் மூலம் பாடியோடு இணைந்திருப்பதால், அதை எஞ்சினோடு சேர்த்தே கழற்றி வெளியே இழுத்துவிடலாம். எஞ்சின்களும் 1955 முதல் செவ்ரொலே தயாரித்துவந்த ‘ஸ்மால் பிளாக்’ வி-8 குடும்பத்தைச் சேர்ந்தவையே பெரும்பாலும். அவற்றின் உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. 1967, 1969 மாடல்களுக்கு முழு பாடியையே புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள்.

அடையாளம் காணுதல்

வேலை தொடங்குவது எண்களிலிருந்து. 1969 காரின் அடையாள எண் 124379 என்று தொடங்கினால், முதல் இலக்கம் செவ்ரொலேயையும், அடுத்த 24 வி-8 எஞ்சின் கொண்ட கமாரோவையும், 37 கூரையுள்ள கூபேயையும், 9 மாடல் ஆண்டையும் குறிக்கும். 24 இருக்கவேண்டிய இடத்தில் 23 இருந்தால் அது ஆறு சிலிண்டர் கார். அடுத்து வரும் ‘என்’ நார்வுட்டையும் ‘எல்’ வேன் நைஸையும் குறிக்கும். 1967 மாடலில் இந்த எண் தகடு கதவுக் கீல் தூணில் இருந்தது. 1968 முதல் முன் கண்ணாடி வழியே தெரியும்படி டாஷ்போர்டுக்கு மாறியது.

இந்த எண், கார் உயர்திறன் வகைகளான ‘எஸ்எஸ்’ஸா, ‘இசட்/28’ஆ என்பதைச் சொல்லாது. சாதாரண கமாரோவுக்கு எஸ்எஸ் சின்னம் குத்தி விற்கும் மோசடிக்கு இந்த இடைவெளியே வழிவிட்டது. இசட்/28, டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்குள் அடங்குவதற்காக 302 கன அங்குல எஞ்சினோடு வந்த வகை. 327 எஞ்சினின் சிலிண்டர் விட்டத்தையும் 283 எஞ்சினின் கிராங்க் வீச்சையும் சேர்த்து உருவானது அந்த எஞ்சின். 1967இல் 602 இசட்/28 கார்களே தயாராயின. 1969இல் 427 கன அங்குல அலுமினிய எஞ்சினோடு வந்த இசட்எல்1 கார்கள் 69 மட்டுமே. இத்தகைய அரிய கார்களை உறுதிப்படுத்த எஞ்சின் முத்திரை, பாடித் தகடு, கியர்பாக்ஸ் எண், பழைய ஆவணங்கள் ஆகிய அனைத்தும் ஒத்துப்போக வேண்டும்.

எஞ்சின் முத்திரை, வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் தளத்தில் ஒரு சிறு திட்டில் அடிக்கப்பட்டிருக்கும். லேத் பட்டறையில் பிளாக்கின் மேல் தளத்தைச் சீவிச் சமப்படுத்தினால் அந்த முத்திரையும் சேர்ந்தே அழிந்துவிடும். எனவே பிளாக்கைக் கொடுப்பதற்கு முன் முத்திரையைப் படமெடுத்து, அந்தத் திட்டைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுப்பது அவசியம். அடையாள எண் தகட்டை அகற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். டாஷ்போர்டுப் பகுதியில் வெட்டி ஒட்டும் வேலை செய்பவர் இதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

துருவும் பாடி வேலையும்

கமாரோவைக் கொல்வது துரு. முன் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுப்புழை, பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, டிக்கியின் தளம், பின் சக்கர வளைவுகள், தரைத் தகடு, முன் ஃபெண்டர்களின் கீழ்ப்பகுதி ஆகியவை அது முதலில் தாக்கும் இடங்கள். பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள பளபளப்புப் பட்டை சிறு கிளிப்புகளால் பிடிக்கப்பட்டிருக்கும். அவை உரசிப் பெயிண்ட் போன இடத்தில் நீர் தங்கி, துளையிட்டு, டிக்கிக்குள் சொட்டும். கூரை வினைல் உறையால் மூடப்பட்டிருந்தால் கீழே நடப்பது வெளியே தெரியாது. வாங்கும்போது டிக்கியின் பாயை எடுத்துப் பார்ப்பவர் பெரிய செலவிலிருந்து தப்புகிறார்.

பெயிண்டின் பளபளப்பை நம்ப முடியாது. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைப் பின் தகட்டில் மெதுவாக நகர்த்தினால், இரும்பு இருக்கும் இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் பிடிவிட்டு நழுவும். அப்படி நழுவும் இடங்களைச் சாக்பீஸால் குறித்தால் பழைய விபத்தின் வரைபடம் கிடைத்துவிடும்.

தரைத் தகட்டை வெட்டுவதற்கு முன் கதவுத் துளைகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து பாடியை இறுக்கிக்கொள்ள வேண்டும். மடக்குக் கூரை வகையில் இதைத் தவிர்க்கவே முடியாது. இல்லையேல் பாடி நடுவில் தொய்ந்து, பிறகு கதவு மூடாது. முன் சட்டகத்தை மீண்டும் பூட்டும்போது, பாடியிலும் சட்டகத்திலும் உள்ள துளைகள் ஒரே நேர்கோட்டில் வரும்படி கம்பி முளைகளைச் செருகிப் பார்த்த பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும்.

தகடுகளைப் பொருத்துவதற்கும் வரிசை உண்டு. முதலில் கதவின் கீல் முளைகளைப் புதிதாக மாற்றி, கதவைப் பின் தகட்டுக்கு ஏற்றாற்போல் நிறுத்த வேண்டும். பிறகு முன் ஃபெண்டரைக் கதவுக்கும், கடைசியாக பானெட்டை ஃபெண்டருக்கும் பொருத்த வேண்டும். இடைவெளி சரியாக அமைந்த பிறகே பிரைமர். பெயிண்ட் அடித்த பின் இடைவெளியைத் திருத்த முயன்றால் ஓரங்கள் உதிரும்.

இந்தக் கட்டத்தில் உடலுக்கு ஆபத்து மிகுதி. கூரையும் பின் தகடும் சேரும் மூட்டுகளைத் தொழிற்சாலையில் ஈயம் உருக்கி நிரப்பினார்கள். அதை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூள் நச்சு. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதன் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. இன்றைய இரு கலவைப் பெயிண்டின் ஐசோசயனேட் ஆவிக்குச் சாதாரண முகமூடி போதாது, வெளியிலிருந்து காற்று செலுத்தும் முகக்கவசம் வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் கடைசிப் பூச்சைப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் கொடுத்துச் செய்வதே நல்லது.

எஞ்சின்

350 கன அங்குல ஸ்மால் பிளாக், 1967 கமாரோ எஸ்எஸ் காரில்தான் முதன்முதலில் வந்தது. அன்றைய குதிரைத்திறன் எண்கள், துணைக் கருவிகளும் சைலன்சரும் இல்லாமல் மேடையில் அளந்த மொத்தத் திறன். 1972 முதல் பயன்பட்ட நிகரத் திறனோடு அவற்றை நேரடியாக ஒப்பிட முடியாது.

அந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக உருவானவை. 1996 ஜனவரி 1 முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு அந்த எரிபொருள் தடை செய்யப்பட்டது. ஹெட்டைப் பிரிக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்திவிட்டால், ஈயமில்லாத பெட்ரோலால் வரும் தேய்மானம் தடுக்கப்படும். தட்டையான டேப்பெட்டுகள் கொண்ட கேம்ஷாஃப்ட்டுக்குத் துத்தநாகச் சேர்மம் மிகுந்த ஆயில் வேண்டும்.

புதிய கேம்ஷாஃப்ட் பெரும்பாலும் கெடுவது முதல் அரை மணி நேரத்தில். எனவே எஞ்சினைக் கிளப்பும் முன்பே டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக நீண்ட தண்டைச் செருகி, டிரில்லிங் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுழற்றி, வால்வு ராக்கர்கள் வரை ஆயில் ஏறுவதைக் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். கிளப்பியதும் ஐடிலில் விடாமல், சுமார் 20 நிமிடம் 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றி இறக்கி ஓட்டுவார்கள். கேமுக்கு ஆயில் தெறித்துக்கொண்டே இருப்பதற்காகவே இந்த முறை.

மாற்றியமைத்தல்

மாற்றங்கள் இருவகை. போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும் மாற்றங்கள் ஒருவகை. வெட்டியும் துளையிட்டும் செய்யும், திரும்ப முடியாத மாற்றங்கள் மற்றொரு வகை. வீட்டில் வேலை செய்பவர் முதல் வகையிலேயே நெடுந்தூரம் போகலாம்.

முதலில் வர வேண்டியது பிரேக். பெரும்பாலான கமாரோக்கள் நான்கு சக்கரங்களிலும் 9.5 அங்குல டிரம் பிரேக்கோடு வந்தவை. நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அவற்றின் பிடி குறையும். முன் டிஸ்க் பிரேக் அன்றே கூடுதல் விலைக்குக் கிடைத்ததால், அதே அமைப்பை எளிதாகப் பொருத்தலாம். 1969இல் நான்கு சக்கர டிஸ்க் பிரேக்கோடு வந்தவை 206 கார்கள்தான். எஞ்சின் திறனை ஏற்றிவிட்டுப் பிரேக்கைப் பழையபடி விடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

அடுத்தது சஸ்பென்ஷன். பல கார்களில் பின்னால் ஒற்றைப் பட்டை லீஃப் ஸ்பிரிங் இருந்தது. வேகமெடுக்கும்போது அது முறுக்கிக்கொண்டு அச்சைத் துள்ள வைக்கும். 1968இல் தொழிற்சாலையே ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்து இதைக் குறைத்தது. பல பட்டை ஸ்பிரிங் பொருத்துவது எளிய தீர்வு. முன்புறத்தில், மேல் கையின் பொருத்து துளைகளை இடம் மாற்றித் துளையிடும் ‘கல்ட்ஸ்ட்ராண்ட்’ முறை திருப்பத்தில் நல்ல பிடி தரும். ஆனால் சட்டகத்தில் நிலையான துளைகள் விழும். உயரமான பால் ஜாயிண்ட், துளையிடாமலே அதில் ஒரு பகுதிப் பயனைத் தரும்.

இன்று பரவலான மாற்றம், 1997 கார்வெட்டோடு அறிமுகமான எல்எஸ் குடும்ப எஞ்சினைப் பொருத்துவது. மாற்றுத் தாங்கிகள் இருந்தால் அது பழைய இடத்திலேயே உட்காரும். ஆனால் சுற்றுவேலை பெரிது. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 6 பவுண்டு எரிபொருள் அழுத்தம் போதும்; எல்எஸ்ஸுக்கு 58 பவுண்டு வேண்டும். அதனால் டேங்க்குக்குள் மின் பம்ப், புதிய குழாய், வேறு ஆயில் பான் எல்லாம் தேவைப்படும். பழைய காரின் அடிப்படை ஆல்டர்னேட்டர் 37 ஆம்பியர் மட்டுமே தந்தது. மின் பம்ப், மின்விசிறி ஆகியவற்றின் சுமையைப் பழைய வயரிங் தாங்காது. ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டி, நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றைக் குறைத்து நெடும்பயணத்தை இனிதாக்கும்.

ஆவணமும் மதிப்பும்

முதல் தலைமுறையில் மிகுதியாகத் தயாரானது 1969 மாடல். அந்த எண்ணிக்கை 2,43,000ஐ ஒட்டியது. ஆறு சிலிண்டர் எஞ்சினோ சிறிய வி-8 எஞ்சினோ கொண்ட சாதாரண கார்களை விருப்பம்போல் மாற்றியமைக்கலாம். வீட்டுப் பட்டறையில் தொழில் கற்றுக்கொள்ளவும் அவையே ஏற்றவை. எண்கள் ஒத்த இசட்/28, 396 எஞ்சின் எஸ்எஸ் போன்ற கார்கள் வரலாற்றுச் சான்றுகள். அவற்றின் தகட்டை வெட்டும் உரிமை உடைமையாளருக்கு உண்டு. வெட்டியதை மீட்கும் வழி எவருக்கும் இல்லை.

ஆகவே கழற்றிய எஞ்சின், கார்புரேட்டர், டிரம் ஆகியவற்றைப் பெயரெழுதிக் கட்டி, ஆயில் தடவிப் பாதுகாப்பது நல்ல வழக்கம். சட்டகத்திலும் முன் சுவரிலும் தொழிலாளர்கள் இட்ட சாக்பீஸ், கிரீஸ் பென்சில் குறிகள் சில கார்களில் இன்னும் மிஞ்சியுள்ளன. கழுவுவதற்கு முன் அவற்றைப் படமெடுக்க வேண்டும். அந்தப் படங்களையும் செய்த மாற்றங்களின் பட்டியலையும் காரோடு சேர்த்து ஒப்படைத்தால், அடுத்து வருபவர் காரை விரும்பிய நிலைக்குக் கொண்டுபோக முடியும்.