கொல்லைப்புறக் கோழியும் அடைகாத்தலும்: இந்தியக் கோழி வளர்ப்பு வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

இந்திய ஊரகக் கோழி வளர்ப்பின் வரலாறு பெரும்பாலும் முட்டை எண்ணிக்கையின் வளர்ச்சியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கொல்லையில் நாலைந்து கோழிகளை வளர்க்கும் பெண்ணின் நிலையிலிருந்து அவ்வரலாற்றை நோக்கும்போது, கோழியின் அடைகாக்கும் இயல்பையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது. அவ்வியல்புக்கு நேர்ந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாட்டுக்கோழி

நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் இடும். பத்துப் பதினைந்து முட்டைகள் இட்டதும் அடைக்கு அமர்ந்துவிடும். 21 நாள்களில் குஞ்சு பொரித்தபின், சிறகுக்குள் அணைத்துச் சூடு தருவதும், இரையைக் கிளறிக் காட்டுவதும், பருந்தைக் கண்டு எச்சரிப்பதும் தாய்க்கோழியின் பணிகளாகும். அக்காலம் முழுவதும் முட்டை கிடைப்பதில்லை; எனினும் அடுத்த தலைமுறை பெருஞ்செலவின்றிக் கிடைத்துவிடுகிறது. ஒரு பெட்டையைப் பிறர் வீட்டில் வளர்க்கவிட்டுக் குஞ்சுகளைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்திற்கும் இவ்வியல்பே அடிப்படையாகும்.

மேம்பாட்டு முயற்சிகள்

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1956-61) அகில இந்தியக் கோழி வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. பெங்களூர், பம்பாய், புவனேசுவரம், தில்லி, சிம்லா ஆகிய இடங்களில் வட்டாரப் பண்ணைகள் அமைந்தன. அயல் இனங்கள் பரவலாயின. அவற்றுள் முதன்மையான வெள்ளை லெகார்ன், முட்டைக்காகவே தெரிந்தெடுக்கப்பட்டு, அடைகாக்கும் இயல்பைப் பெரிதும் இழந்த இனமாகும். குஞ்சு பொரிக்கும் கருவி வந்தபின் பண்ணையாளர் நோக்கில் அடை என்பது முட்டை இழப்பாகவே கருதப்பட்டது.

பின்னர்க் கொல்லைப்புறத்திற்கெனவே புதிய வகைகள் உருவாக்கப்பட்டன. பெங்களூரில் உருவான கிரிராஜா, 1988இல் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற கோழி ஆய்வுத் திட்ட இயக்ககம் வழங்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகியன இவ்வகையின. நாட்டுக்கோழியினும் மிகுதியாக முட்டையிடும் இவை பெரும்பாலும் அடைக்கு அமர்வதில்லை. கலப்பினங்களாதலின் இவற்றின் வழித்தோன்றல்களில் அதே பயன் நிலைப்பதுமில்லை. ஆகவே குஞ்சுகளை மீண்டும் மீண்டும் பொரிப்பகத்தில் பெறவேண்டும். முதற்சில வாரங்கள் விளக்கின் சூட்டில் பேணவேண்டும். தாய்க்கோழி ஆற்றிய பணி, விலையாகவும் மின்சாரமாகவும் பெண்ணின் கூடுதல் உழைப்பாகவும் மாறிவிட்டமை இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

கால்நடைக் கணக்கெடுப்பின்படி, கொல்லைப்புறப் பறவைகள் 2012இல் ஏறத்தாழ 21.7 கோடியாக இருந்து 2019இல் 31.7 கோடியாகப் பெருகியுள்ளன. இவ்வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒரு வீட்டுக் கோழிக்கூட்டம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளுமா, ஒரு கோழிநோய்க்குப் பின் எஞ்சிய ஒரு பெட்டையைக்கொண்டு மீண்டெழுமா என்பதனை இவ்வெண்கள் காட்டமாட்டா. மேம்பட்ட கோழியின் முட்டையை நாட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பொரிக்கும் பெண்கள், இரண்டையும் ஒருங்கே காக்கும் வழியைக் கண்டுள்ளனர். அவ்வழிக்கு நாட்டுக்கோழி கொல்லையில் இருந்தாக வேண்டும். எனவே, முட்டையின் எண்ணிக்கையோடு அடைகாக்கும் ஆற்றலையும் ஒரு பயனாகக் கணக்கிடுதல் வரலாற்றாய்வாளர்க்கும் திட்டமிடுவோர்க்கும் கடனாகும்.