பாலினப் பங்கும் மனச்சோர்வும்

பெண் இப்படி, ஆண் இப்படி என்று குடும்பமும் ஊரும் வகுத்து வைத்திருக்கும் கடமைகளும் நடத்தைகளும் பாலினப் பங்குகள் எனப்படும். மனச்சோர்வு நோய் யாரைப் பிடிக்கிறது, எப்படி வெளிப்படுகிறது, யார் சிகிச்சைக்குப் போகிறார்கள் என்ற மூன்றையும் இவை பாதிக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் சுமார் 50 விழுக்காடு கூடுதல். இதற்கு ஹார்மோன் மாற்றங்களைக் காரணம் சொல்லி அதோடு நிறுத்திவிடுவது தவறு.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களில் ஒருமுறையும், பிரசவமாகிச் சில வாரங்கள் கழித்து மறுமுறையும் சந்தித்துப் பேசினார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 விழுக்காடு. யாருக்கு வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது: வருமானம் குறைந்த வீடு, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடு மனத்தாங்கல், பெற்றோரோடும் உறவு சரியில்லாமை, வீட்டுவேலைக்கு ஒத்தாசை இல்லாமை. அதே ஆண்டு வெளிவந்த கோவா ஆய்விலும் பெண் குழந்தை பிறந்தது ஒரு காரணமாக நின்றது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்பும் நம் வழக்கம் நல்ல பாதுகாப்புதான்; பிறந்த வீட்டிலும் ஆதரவு இல்லாதவளுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

வேலூருக்கு வடகிழக்கே, 1960 ஏப்ரல் 1இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த திருத்தணிப் பகுதியில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்றவை நெசவு ஊர்கள். உலை கொதிக்கும் நேரத்தில் தறிக்கு நூல் தார் சுற்றி, குழந்தைக்குச் சோறு ஊட்டி, மீண்டும் தார் சுற்ற உட்காரும் பெண்ணின் உழைப்புக்குப் பல வீடுகளில் ‘கூடமாட ஒத்தாசை’ என்றுதான் பெயர். 2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலை செய்யும் பெண் நாளொன்றுக்கு அதில் 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97. மனச்சோர்வு வந்தாலும் மருத்துவரிடம் இவள் மனதைப் பற்றி எடுத்தவுடன் பேசமாட்டாள். கை கால் அசதி, நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை என்பாள். இப்பகுதியில் தெலுங்கு பேசும் வீட்டுப் பெண் வெகுநேரம் கழித்து ‘மனசு பாகலேது’ (மனசு சரியில்லை) என்று மெல்லச் சொல்லக்கூடும். சத்து மாத்திரையோடு திரும்பிவிடுகிறவர்கள் அநேகம்.

ஆண்களின் மனச்சோர்வு பல நேரங்களில் குடியாகவும் கோபமாகவும் உருமாறுவதால் கணக்கெடுப்புகளில் குறைவாகத் தென்படக்கூடும். எல்லாத் தற்கொலைக்கும் மனச்சோர்வு காரணமல்ல. என்றாலும் 2022இல் இந்தியாவில் பதிவான 1,70,924 தற்கொலைகளில் 1,22,724 பேர் ஆண்கள் என்பதை ஒதுக்க முடியாது. அந்த ஆண்டு இறந்தவர்களில் தினக்கூலிகள் 44 ஆயிரத்துக்கும் மேல், இல்லத்தரசிகள் 25,309. சம்பாதித்தே தீரவேண்டியவன், பொறுத்தே போகவேண்டியவள் என்ற இரண்டு பங்குகளும் இந்த எண்களில் தெரிகின்றன. ஆடிக்கிருத்திகையில் திருத்தணி முருகன் கோயிலுக்குக் காவடியோடு 365 படி ஏறும் ஆண்கள் சந்நிதியில் வாய்விட்டு அழுவதை யாரும் இழிவாக நினைப்பதில்லை. அடிவாரத்தில் அந்த அனுமதி இல்லை.

2015–16 தேசிய மனநல ஆய்வு, பொதுவான மனநோய் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். ஆனால் வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் கணவர் சட்டைப்பையில் என்றால், அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் மனைவி எதிலிருந்து அழைப்பாள்?