மூன்றாண்டு வாழ்ந்த குரல்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தையல் இயந்திரங்களின் இரைச்சலோடு இரைச்சலாக நாளெல்லாம் பாடிக்கொண்டிருந்த வானொலியைக் கேட்டவர்களுக்கு அது அரசாங்கத்தின் குரல். கோவை வானொலி நிலையம் 1966ல் தொடங்கப்பட்டது. ஆனால் தமிழகத்தில் வானொலியை முதலில் பேசவைத்தது அரசு அல்ல, வணிகமும் அல்ல. ஆசைக்காக அதைக் கற்றுக்கொண்ட சிலர்தாம்.

அவர்களில் முதன்மையானவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. இங்கிலாந்தில் தகவல் தொடர்புப் பொறியியல் பயின்றவர். ஊர் திரும்பும்போது உதிரிப் பாகங்களைக் கொண்டுவந்து தாமே ஒலிபரப்புக் கருவி ஒன்றை அமைத்தார். 1924 மே 16ல் சென்னை மாகாண வானொலிச் சங்கம் உருவாயிற்று. ஜூலை 31ல் எழும்பூர் ஹாலோவேஸ் தோட்டத்திலிருந்து இசையும் உரைகளும் காற்றில் ஏறின. கருவியின் திறன் வெறும் 40 வாட். ஒரு குண்டு பல்பு எரியும் அளவு. பின்னர் அது 200 வாட் ஆயிற்று.

1927 அக்டோபரில் பணமின்றிச் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது. சிற்றிதழ்களின் கதையை அறிந்தவர்களுக்கு இந்த முடிவு புதிதல்ல. அதே ஆண்டு ஜூலையில் பம்பாயிலும் ஆகஸ்டில் கல்கத்தாவிலும் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி பெரிய நிலையங்களைத் திறந்திருந்தது. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் கட்டும் ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணத்தை நம்பிய தொழில் அது. பெட்டி வாங்க வசதியுள்ளவர்கள் மிகச் சிலர். 1930 மார்ச் 1ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 1ல், சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியது. பயன்பட்டது சங்கம் கொடுத்துச்சென்ற கருவி. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. பெட்டி வாங்க இயலாதவனும் மாலையில் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டான். கம்பெனி கேட்பவனிடம் காசு எதிர்பார்த்தது. மாநகராட்சி அவன் இருக்குமிடத்துக்கே குரலைக் கொண்டுபோயிற்று. மூலதனம் தோற்ற இடத்தில் ஒரு பழைய கருவி பிழைத்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. அதுவும் எழும்பூரில்தான், மார்ஷல்ஸ் சாலையில். அரசாங்கம் வந்துசேர்ந்தபோது, அந்த ஊர் வானொலி கேட்கப் பழகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

'அமெச்சூர்' என்ற சொல்லை நாம் சற்று இளக்காரமாகவே சொல்கிறோம். பனியன் கம்பெனியில் ஒலித்த பாட்டின் வேரில் அப்படியொரு அமெச்சூரின் 40 வாட் இருக்கிறது.